புதுசா வர்றவங்களுக்கு சால்வையா, ஸ்பெக்ட்ரோவா?

வெண்ணாறு_வேலு
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பயோகெம் (உயிர்வேதியியல்) வட்டத்துல இந்த வருசம் புதுசா சேர்ந்தவங்களுக்கு வர்ற சனிக்கிழமை தஞ்சாவூர்ல வரவேற்பு வைக்கலாம்னு கமிட்டில பேசிருக்கோம். கும்பகோணம், மன்னார்குடி, பூண்டி, மயிலாடுதுறை பக்கத்து எம்எஸ்சி பசங்க, அரிசி பதப்படுத்துறதுல ஆராய்ச்சி பண்ற ஒருத்தர், மெடிக்கல் காலேஜ்லேருந்து ஒரு மேடம், கிளினிக்கல் லேப் வச்சிருக்கவங்கன்னு நல்ல கலவையா வந்திருக்காங்க. உத்தேச நிகழ்ச்சி நிரல்: குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூணு பேர், சிறப்புரை, புது உறுப்பினர்களுக்கு சால்வை + சர்டிபிகேட், நன்றியுரை, மதிய சாப்பாடு. திருவையாறு அசோகா உண்டு. வேற ஐடியா இருந்தா சொல்லுங்க, நோட்டீஸ் இன்னும் அடிக்கக் குடுக்கல.

பிபெட்_பித்தன்
சார் தப்பா நெனைக்காதீங்க. இந்த நிரல்ல புது ஆளுங்க வாயத் தொறக்குற ஒரே ஐட்டம் மதிய சாப்பாடுதான்.

போன தடவை நான் சேர்ந்தப்பவும் இதே கதைதான். காலைல திருச்சிலேருந்து பஸ் புடிச்சு வந்து, மூணு மணி நேரம் உக்காந்து, அஞ்சு பேரு "இளைய தலைமுறை"ன்னு ஆரம்பிச்சுப் பேசுனதைக் கேட்டு, சால்வை வாங்கிட்டு, சாம்பார் சாதம் சாப்ட்டு கெளம்பிட்டேன். நான் எதுல வேலை பண்றேன்னு அன்னிக்கு ஒருத்தர் கேக்கல. சால்வை இப்ப எங்க லேப்ல சாம்பிள வேகமா சுத்திப் பிரிக்கிற செண்ட்ரிஃபியூஜை மூடி வச்சிருக்கு, தூசி படாம, அந்த வகைல உபயோகம்தான்.

ஆடிப்பெருக்கு
செண்ட்ரிஃபியூஜுக்குப் பொன்னாடை 😂 அது ஓடி ஓடி உழைக்குதே, தகும்

பழைய_பியூரெட்
தம்பி பித்தன், சால்வைய அவ்ளோ லேசா பேசாதீங்க. நான் முப்பது வருசத்துக்கு மேல வாத்தியாரா இருந்தவன். வயல் வேலைக்குப் போற அம்மாவோட பொண்ணு எம்எஸ்சி வரைக்கும் வந்து, ஒரு அறிவியல் சங்கத்துல சால்வை வாங்குற போட்டோ அந்த வீட்டு ஷோகேஸ்ல இருக்கும், ஊர்ல நாலு பேரு வந்து பாப்பாங்க, "இன்னும் என்னத்துக்கு படிக்க வைக்கிற"ன்னு கேக்குற மாமன் வாய அந்த ஒரு போட்டோ அடைக்கும். உங்களுக்கு வேணா அது செண்ட்ரிஃபியூஜ் கவரா இருக்கலாம்.

ஆனா நீங்க சொல்ற மத்தது சரி. வாழ்த்துரை மூணு பேரு எதுக்கு வேலு? யார வாழ்த்துறோம்னே தெரியாம வாழ்த்துறது.

ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்துல 1911ல பயோகெமிக்கல் கிளப்னு ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு பயோகெமிக்கல் சொசைட்டின்னு இருக்குற அதேதான். ஆரம்பத்துல பொம்பளைங்களுக்கு எடமில்ல. 1913லதான் அந்த விதிய எடுத்தாங்க, ஐடா ஸ்மெட்லி அந்த வருசம்தான் உள்ள வந்தாங்க, 1927ல அவங்களே அந்த சொசைட்டிக்கு தலைவர் நாற்காலில உக்காந்தாங்க. கதவத் தொறக்க ரெண்டு வருசம் பிடிச்சுது, தொறந்து பதினாலு வருசத்துல வந்தவங்க நடத்துறவங்களா ஆயிட்டாங்க. இந்தக் கணக்குதான் எனக்குப் புடிச்ச கணக்கு.

பிபெட்_பித்தன்
சார், போட்டோ விசயம் நான் யோசிக்கல, ஒத்துக்கிறேன். சால்வை இருக்கட்டும்.

நம்ம ஊரு கதை ஒண்ணும் இருக்கே. கமலா சோஹோனி. 1933ல பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) அப்ளிகேசன் போடுறாங்க, டைரக்டர் யாரு, நம்ம திருவானைக்காவல்ல பொறந்த சி.வி.ராமன். பொண்ணுங்கிற ஒரே காரணத்துக்கு முடியாதுன்னுட்டாரு. இவங்க விடல, அங்கயே போயி நின்னு கேட்ருக்காங்க. அப்புறம் ஒரு வருசம் சோதனை மாதிரி வச்சுப் பாப்போம், திருப்தியா இருந்தாதான் ரெகுலர்னு கண்டிசன் போட்டு உள்ள விட்டாரு. அந்தம்மா பால், பருப்பு புரதத்துல வேலை பண்ணி, கேம்பிரிட்ஜ் போயி, செல் சுவாசத்துக்கு வேண்டிய சைட்டோகுரோம் சி-ங்கிற புரதம் செடிங்கள்லயும் இருக்குன்னு காட்டி 1939ல டாக்டரேட்டோட திரும்புனாங்க. இதுல பாருங்க, சொசைட்டி ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ஸ் 1930லேயே ஆரம்பிச்சாச்சு, தலைமையகம் அதே ஐஐஎஸ்சி கேம்பஸ்தான். சங்கம் ஒரு பக்கம் இருக்கு, மூணு வருசம் கழிச்சு வாசல்ல ஒரு பயோகெமிஸ்ட் நின்னு கெஞ்சிட்டு இருக்காங்க.

மகாமகம்_லேப்
நான் புது மெம்பர் சார். கும்பகோணத்துல சின்னதா கிளினிக்கல் லேப் வச்சிருக்கேன், எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரிதான் நானும். சேர்றதுக்கு முன்னாடி ரொம்ப யோசிச்சேன், ஏன்னா முன்னாடி வேற ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்த ஊர் எந்த அமைப்புன்னு வேணாம், அங்க அறிமுகம் பண்ணிக்கும்போது காலேஜ் பேரு சொன்னவங்களுக்கு எல்லாம் முன்வரிசை, நான் லேப்னு சொன்னதும் ஒரு சார் "ஓ டெக்னீசியனா"ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாரு, அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல, மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட நிக்கல. நாங்களும் நாள் முழுக்க என்சைம்கூடத்தான் சார் குடும்பம் நடத்துறோம். சுகர் பாக்குறது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்ஸிடேஸ் வச்சுத்தான், எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம்) பாக்குறது என்ஏடிஎச்-ங்கிற துணைப் பொருள் கொறையுறத 340 நானோமீட்டர் ஒளில எண்ணித்தான். மாசா மாசம் வேலூர் சிஎம்சிலேருந்து வர்ற, லேப் சரியா அளக்குதான்னு பாக்குற வெளிக் கட்டுப்பாட்டு சாம்பிள ஓட்டி ரிசல்ட் அனுப்புறோம், அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பரிச்ச எழுதுன பையன் மாதிரி இருக்கும்.

ஒரு விசயம் சொல்றேன், இது உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கலாம். வேதாரண்யம் பக்கம் ஒரு கலெக்சன் சென்டர்லேருந்து எங்களுக்கு சாம்பிள் வரும். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடின்னு சுத்தி வண்டில வந்து சேர மத்தியானம் ஆயிடும். சாதா டியூப்ல பிரிக்காம வந்தா ரத்த அணு உள்ள உக்காந்து குளுக்கோஸ தின்னுட்டே இருக்கும், ரூம் வெப்பத்துல மணிக்கு அஞ்சுலேருந்து ஏழு சதவீதம் வரை போயிடும், வைகாசி வெயில்ல கேக்கவே வேணாம். அதான் சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப்ல எடுக்கச் சொல்றோம். ஆனா அதுலயும் மொதல் ஒரு மணி ரெண்டு மணி நேரம் சுகர் கொறையத்தான் செய்யுது! நான் டியூப் கம்பெனிய திட்டிட்டு இருந்தேன், அப்புறம்தான் பழைய காலேஜ் நோட்ட எடுத்துப் பாத்தேன். ஃபுளோரைடு அடைக்கிறது ஈனோலேஸ்ங்கிற என்சைம. அது கிளைக்காலிசிஸ்ல, அதாவது செல் குளுக்கோஸ படிப்படியா ஒடைக்கிற வரிசைல, கடைசிக்குப் பக்கத்துல இருக்கு. கடைமடைல மதகை எறக்குனா மேல வாய்க்கால்ல தண்ணி ஒடனே நிக்குமா, அது ரொம்பி எதுக்களிச்ச பொறவுதான நிக்கும். எம்எஸ்சில பத்து மார்க்குக்கு எழுதுனது, அர்த்தம் புரிஞ்சது லேப்ல.

நீளமாயிடுச்சு, மன்னிக்கணும்.

ஆடிப்பெருக்கு
அண்ணே!!! நீங்க "நீளமாயிடுச்சு"ன்னு மன்னிப்பு கேக்காதீங்க, நான் திருவாரூர்ல கிளைக்காலிசிஸ் நடத்துறேன், ஈனோலேஸ் பத்தி பசங்க கேட்டா "ஃபுளோரைடு இன்ஹிபிட் பண்ணும்"னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன். சிட்ரேட் சேர்த்த டியூப்ல ஏன் சீக்கிரம் நிக்குதுன்னு இப்பத்தான் கோர்வையா வருது, அமிலமாக்குனா மேல இருக்குற என்சைமுங்க, ஹெக்சோகைனேஸ், பாஸ்ஃபோஃபிரக்டோகைனேஸே அடங்கிடும், தலைமடைலயே நிறுத்துன மாதிரி.

வேலு சார், சிறப்புரைக்கு யாரத் தேடிட்டு இருக்கீங்க? ஆள் இங்கயே இருக்காரு.

மகாமகம்_லேப்
மேடம் நான் மேடைல எல்லாம் பேசுனதில்ல

பழைய_பியூரெட்
இங்க பேசுனத அங்க பேசுங்க, போதும். டியூப் ரெண்டு எடுத்துட்டு வாங்க, கைல காட்டிப் பேசலாம்.

கொள்ளிட நாணல்
நெட் லைஃப் சயின்ஸ் பார்ட் சி மெட்டீரியல் யார்கிட்டயாச்சும் இருக்கா, பிடிஎஃப்

வெண்ணாறு_வேலு
நாணல், அதுக்குத் தனி இழை இருக்குப்பா. இங்க வேணாம்.

சம்பா_நாத்து
வணக்கம். நானும் புதுசு. நீடாமங்கலம் பக்கம். எம்எஸ்சி ரெண்டாம் வருசம். இங்க கேக்கலாமான்னு தெரியல, எல்லாரும் பெரியவங்களா இருக்கீங்க. புது மெம்பர்ஸ் பேசணும்னு சொன்னதால கேக்குறேன்.

என் புராஜெக்ட் நாத்து தண்ணில மூழ்குனா ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் (ஏடிஎச், ஆக்சிஜன் இல்லாதப்ப செடி பயன்படுத்துற என்சைம்) எவ்ளோ ஏறுதுன்னு பாக்குறது. சி.ஆர். 1009 நெல் ரகம், அப்புறம் வெள்ளம் தாங்குற சப்1 மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்1, ரெண்டையும் வச்சு. எங்க அப்பா ஐப்பசி கார்த்திகை மழைல தண்ணி வடியாம பயிரு அழுகிப் போயி ரெண்டாம் நடவு நட்ருக்காரு, அதனால எடுத்தேன். பக்கெட்ல நாத்த மூழ்க வச்சாச்சு, நல்லா வந்திருக்கு. ஆனா எங்க காலேஜ்ல கலர் எவ்ளோ அடர்த்தின்னு அளக்குற கலரிமீட்டர்தான் இருக்கு. ஃபில்டர் 400 நானோமீட்டர்லேருந்துதான் ஆரம்பம். 340 போகாது. சார் கிட்ட கேட்டேன், டைட்டில மாத்திக்கோன்னு சொல்றாங்க. மாத்தாம எதாவது வழி இருக்கா?

பிபெட்_பித்தன்
மாத்தாத. மொதல்ல அத சொல்லிடுறேன்.

ரெண்டு வழி. ஒண்ணு, கலரிமீட்டர்லயே பாக்குறது. எத்தனால், என்ஏடி பிளஸ் குடுத்தா உன் என்சைம் என்ஏடிஎச் உண்டாக்கும். அந்த என்ஏடிஎச்-ஐ பிஎம்எஸ்-ங்கிற ரசாயனம் வழியா எம்டிடி சாயத்துக்கு கடத்திவிட்டா ஊதா கலர்ல ஃபார்மசான்ங்கிற பொருள் வரும், 570 பக்கத்துல படிக்கலாம், கலரிமீட்டர் தாராளமா போதும். பிஎம்எஸ் வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், டியூப்ல ஃபாயில் சுத்திக்கோ.

பழைய_பியூரெட்
பொறுங்க தம்பி. அம்மா, நீ அரைக்கிற பஃபர்ல (பிஎச் மாறாம வைக்கிற கரைசல்ல) டிடிடி ரசாயனம் போடுறியா?

சம்பா_நாத்து
ஆமா சார், பேப்பர்ல போட்ருந்தாங்க, என்சைம் கெடாம இருக்கன்னு.

பழைய_பியூரெட்
அதான் கேட்டேன். டிடிடி இருந்தா என்சைமே இல்லாம எம்டிடி தானா ஊதா ஆயிடும். பிளாங்க்கே (என்சைம் போடாத டியூப்) ஏறிக்கிட்டு நிக்கும், நீ ஏடிஎச் நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோசமா கிராஃப் போட்டுட்டு இருப்ப. டயாலிசிஸ் பண்ணி டிடிடிய எடுக்கணும், எடுத்தா என்சைம் சோர்ந்துபோகும். அதே டிடிடி, புரதம் அளக்குற லவ்ரி முறையிலயும் குறுக்க நிக்கும், புரதம் கூடுதலாக் காட்டும். புரதத்துக்கு நீ பிராட்ஃபோர்ட் முறை போடு, 595, உன் கலரிமீட்டர்ல பக்கத்து ஃபில்டர் இருக்கும். லவ்ரிய 1951லேருந்து ஊரே பண்ணுதுன்னு நாமளும் கண்ண மூடிக்கிட்டு பண்ண வேணாம்.

ஏடிஎச்-க்கு 340தான் நேரான வழி. ஸ்பெக்ட்ரோ (340லயும் ஒளி உறிஞ்சுறத அளக்குற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்) உள்ளவங்க யாராவது சொல்லுங்கப்பா, நான் ரிட்டையர் ஆனவன், என்கிட்ட இப்ப இருக்கிறது வாக்கிங் ஸ்டிக்தான்.

ஆடிப்பெருக்கு
எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்கு. புதன் மத்தியானம் பிராக்டிகல் இல்ல, மிசின் சும்மாதான் நிக்கும். எச்ஓடி கிட்ட நான் பேசிக்கிறேன், உங்க கைடு ஒரு லெட்டர் மட்டும் குடுத்தா போதும். நீடாமங்கலத்துலேருந்து திருவாரூர் எவ்ளோ தூரம், ரயிலே இருக்கே. 340க்கு கண்ணாடி கியூவெட்டே (சாம்பிள் ஊத்துற சின்ன குப்பி) போதும், குவார்ட்ஸ் தேடி அலையாத.

ஆல்கஹால் நீ கொண்டுவராத, எங்க ஸ்டாக்லயே இருக்கு. எக்சைஸ் பர்மிட் வாங்கி அரை லிட்டர் எத்தனால் உள்ள வர்றதுக்குள்ள எங்க அட்டெண்டர் அண்ணனுக்கு அந்த ஆபீஸ்ல டீக்கடைக்காரரே பழக்கமாயிட்டாரு.

சம்பா_நாத்து
மேடம் நெஜமாவா? ரொம்ப தேங்க்ஸ் மேடம். இங்கயே அரைச்சு, ஐஸ்ல வச்சு எக்ஸ்ட்ராக்ட (அரைச்ச சாற) எடுத்துட்டு வரவா? காலேஜ்ல மார்ட்டர் இருக்கு.

பிபெட்_பித்தன்
எக்ஸ்ட்ராக்டா கொண்டுவராத. ரயில்ல வர்றதுக்குள்ள ஆக்டிவிட்டி எறங்கும், எவ்ளோ எறங்குச்சுன்னும் உனக்குத் தெரியாது. நாத்த முழுசா, தண்ணிக்குள்ள மூழ்குன மேனிக்கே எடுத்துட்டு வா. வாய் அகலமான பாட்டில், மூடி இறுக்கி, கருப்புத் துணி சுத்தி. கண்ட்ரோல் நாத்து தனி. அங்க வந்து ஐஸ்ல அரைச்சு, செண்ட்ரிஃபியூஜ் பண்ணி, ஒடனே ஓட்டு. குளிர் செண்ட்ரிஃபியூஜ் இருக்கா மேடம்?

ஆடிப்பெருக்கு
இருக்கு, ரோட்டர் சத்தம் போடும், ஆனா சுத்தும்.

பிபெட்_பித்தன்
அப்ப நானும் வர்றேன் புதன்கிழமை. மொத தடவை ஏடிஎச் ஓட்டுறப்ப பக்கத்துல ஆள் வேணும். நாத்து, கணக்கு ஞாபகம் வச்சுக்கோ, என்ஏடிஎச்-க்கு 340ல மோலார் எக்ஸ்டிங்ஷன் (ஒளிய எவ்ளோ உறிஞ்சுங்கிற எண்) 6220. நிமிசத்துக்கு ஏறுற அப்சார்பன்ஸ (உறிஞ்சுன ஒளி அளவ) அதால வகுக்கணும், மொதல் நேர்கோட்டுப் பகுதிய மட்டும் எடு. எத்தனால் பக்கத்துலேருந்து ஓட்டுறதால பஃபர் பிஎச் கொஞ்சம் காரமா இருக்கணும், இல்லாட்டி வண்டி பின்னாடி போகும்.

மகாமகம்_லேப்
தங்கச்சி, என்கிட்ட தெர்மோகோல் பாக்ஸும் ஜெல் பேக்கும் நெறைய இருக்கு, ரீஏஜெண்ட் வர்ற பாக்ஸ்தான். எங்க கலெக்சன் பையன் நீடாமங்கலம் வழியாத்தான் போறான், செவ்வாய் சாயங்காலம் குடுத்து விடுறேன். இன்னொண்ணு. ஒரே சாம்பிள மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டு நம்பர எழுது, எங்க தொழில்ல ஒத்த ரீடிங்க நம்புனா அன்னிக்கே கடைய மூட வேண்டியதுதான்.

பழைய_பியூரெட்
ஒரு கேள்வி அம்மா, பதில் இப்ப வேணாம், ஓட்டிப் பாத்துட்டு சனிக்கிழமை சொல்லு. சப்1 உள்ள ரகம் வெள்ளத்துல தண்ணிக்கு மேல தலைய நீட்ட ஓடாம, வளர்ச்சிய அடக்கி மாவுச்சத்த சேமிச்சு ரெண்டு வாரம் வரை தாங்குதுன்னு 2006லேருந்து எல்லாரும் எழுதுறாங்க. சரி. அப்ப அந்த ரகத்துல ஏடிஎச் சாதா ரகத்தவிட கூட இருக்கணுமா, கொறைய இருக்கணுமா? மொத நாளும் அஞ்சாம் நாளும் ஒரே பதில்தானா? ரெண்டு நேரத்துலயும் எடு. ஒரே நேரத்துல எடுத்துட்டு முடிவு சொன்னா நான் மொத வரிசைலேருந்து எந்திரிச்சு கேப்பேன்.

சம்பா_நாத்து
சார் அஞ்சாம் நாள் பக்கெட் செவ்வாய்க்கு சரியா வருது. புதன்னா ஆறாம் நாள் ஆயிடும். பரவால்லயா?

பழைய_பியூரெட்
ஆறுன்னே எழுது. எது நடந்துச்சோ அதான் நாள்.

வெண்ணாறு_வேலு
இவ்ளோ நேரம் நான் படிச்சிட்டேதான் இருந்தேன். நோட்டீஸ் மாத்தியாச்சு. வாழ்த்துரை மூணும் எடுத்துட்டேன், அதுல ஒருத்தருக்கு நான் ஏற்கனவே சொல்லிட்டேன், அவரு கோவிச்சுக்குவாரு, அத நான் பாத்துக்குறேன். குத்துவிளக்கும் சால்வையும் உண்டு, சார் சொன்னதுக்காக. அதுக்கப்புறம் புது உறுப்பினர் ஒவ்வொருத்தரும் அஞ்சு நிமிசம், இப்ப மேசைல என்ன சிக்கல் ஓடுதோ அத மட்டும். பிபிடி கட்டாயம் இல்ல, தமிழ்லயோ ரெண்டும் கலந்தோ பேசலாம். பழைய உறுப்பினர்கள் பேசக் கூடாது, கேள்வி மட்டும் கேக்கலாம். வெளியில சார்ட் பேப்பர் ஒண்ணு ஒட்டுவோம், யார் டிபார்ட்மெண்ட்ல என்ன மிசின், எந்தக் கிழமை சும்மா இருக்குன்னு எழுதிடணும், போன் நம்பரோட. மாணவர்களுக்கு மொத வருசம் சந்தா வேணாம்னு கமிட்டில கேக்கப் போறேன்.

பிபெட்_பித்தன்
சந்தா வேணாம்னா பொருளாளர் விழுந்து சேவிப்பாரு. கோவத்துல.

நெல்லுமணி
நான்தான் பொருளாளர். அசோகாவ நிறுத்திட்டா சந்தாவ தள்ளுபடி பண்ணலாம்.

ஆடிப்பெருக்கு
அசோகாவ நிறுத்துனா நான் ஸ்பெக்ட்ரோவ பூட்டிடுவேன்

வெண்ணாறு_வேலு
அசோகா உண்டு 🙏 சிறப்புரை: கும்பகோணம் லேப் அண்ணன், ஃபுளோரைடு டியூப் பத்தி, பதினஞ்சு நிமிசம். அண்ணே பேரு எப்படி போடணும்னு தனியா மெசேஜ் போடுங்க, எம்எஸ்சி சேத்துப் போடுறேன்.

மகாமகம்_லேப்
சரிங்க சார். மத்தியானம் ஒரு மணிக்குள்ள முடிச்சு விட்ருங்க, சாயங்கால சாம்பிள் வந்துடும். இந்தத் தடவை சாப்பிட்டுட்டுதான் கெளம்புவேன்.

சம்பா_நாத்து
மேடம், கைடு லெட்டர் குடுத்துட்டாங்க. மொதல்ல "யாரு இவங்க எல்லாம்"னு கேட்டாங்க, இந்த இழைய காட்டுனேன், அவங்களும் சனிக்கிழமை வரலாமான்னு கேக்க சொன்னாங்க. புதன்கிழமை காலைல எத்தனை மணிக்கு வரணும்? நாத்து பாட்டில் ரெண்டு, கண்ட்ரோல் ஒண்ணு.

ஆடிப்பெருக்கு
பதினொண்ணுக்கு வா. லேம்ப் சூடாக அரை மணி நேரம் ஆகும், வந்ததும் போட்டுடலாம். உங்க கைடும் தாராளமா வரட்டும், மெம்பர்ஷிப் ஃபாரம் ஒண்ணு கூட எடுத்து வைக்கிறேன். கேட்ல ஐடி கார்டு கேப்பாங்க, மறந்துடாத.